அண்ணாச்சி வீட்டுப் புகை

வெள்ளைத்துரை அண்ணாச்சி தி.நகரில் பாத்திரக் கடை நடத்தியவர். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே அவர் குரல் பெருத்துப் போயிருந்தது. மகன் வெங்கடேஷ் தலையெடுத்து, "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா" என்று மரியாதையாகக் கல்லாவை விட்டு எழுப்பிய பிறகு அந்தக் குரலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில், கார் நிற்கிற இடம் போக மிச்சமிருந்த மண்ணில் அவர் புல்தரை போட்டார். அதை வெட்டுவதற்கென்று பெட்ரோலில் ஓடும் மிஷின் ஒன்றையும் வாங்கினார். இத்தனூண்டு இடத்துக்குக் கையால் தள்ளுகிற மிஷினே போதும் என்று மகள் பூஜா சொல்லிப் பார்த்தாள். அண்ணாச்சிக்குச் சத்தம் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டில் பவுல்சாமி சாரும் அவர் மனைவி ஃப்ளோரா டீச்சரும் இருந்தார்கள். சார் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். இரண்டு பேரும் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில்தான். ஒரு காலத்தில் அந்த மதிலுக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் கேக்கும் தீபாவளி முந்திரிக்கொத்தும் போய் வந்துகொண்டிருந்தன.

போன வருடம் இலையுதிர்கிற மாசத்தில் அது நின்றுபோனது. வாதாம் மரத்துச் சருகுகள் வாசலில் குவிந்து, எடுத்துப் போக ஆள் வராமல் கிடக்கவே, பவுல்சாமி ஒரு நாள் காலையில் அவற்றைக் கூட்டி மூலையில் கொளுத்தினார். சின்னக் குவியல்தான். புகை மட்டும் அண்ணாச்சியின் ஜன்னல் வழியாகப் புதுத் திரைச்சீலை வரைக்கும் வந்துவிட்டது. அண்ணாச்சி மதிலோரம் போய் நின்று, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே கத்தினார்.

"பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆளு பண்ணுற காரியமாய்யா இது? படிச்ச படிப்பு இதுக்குத்தானா?"

பவுல்சாமி கையில் விளக்குமாற்றோடு கேமராவைப் பார்த்து விழித்தார். அந்த வீடியோ தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஏறியது. மாநகராட்சி ஆட்கள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பவுல்சாமி சாயங்காலத்தில் பூங்காவுக்கு நடக்கப் போவதை விட்டுவிட்டார். அண்ணாச்சி அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் நியாயம் தன் பக்கம் என்ற நினைப்பில், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஆடி மாத மழை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஈரப்புல் மிஷினின் கத்தியில் கட்டியாக ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி மிஷினை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டு, குழாயைப் பிடித்துக் கழுவினார். கழுவி முடித்துப் பார்த்தால் தரையில் எண்ணெய் வழிந்திருந்தது. இருந்த ஆயிலெல்லாம் கொட்டிப்போயிற்று என்று முடிவு கட்டி, மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்து தாராளமாக ஊற்றினார். உள்ளே எவ்வளவு கிடக்கிறதென்று அளவுக் குச்சியை உருவிப் பார்க்கவில்லை. கடையில் பாத்திரம் எடை போடுகிறவனிடம் நாள் முழுக்க அளவு, அளவு என்று கத்தின மனிதர்தான்.

கயிற்றை இழுத்தார். மிஷின் இருமியது. மறுபடியும் இழுத்தார். தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு இழுத்த பிறகு அது உறுமிக்கொண்டு கிளம்பியது. கூடவே சைலன்சரிலிருந்து வெள்ளை வெளேரென்று புகை பீறிட்டது.

கொஞ்சம் புகைந்தால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். ஆனால் நேரம் ஆக ஆகப் புகை கூடிற்றே தவிரக் குறையவில்லை. புல்தரை மறைந்தது, கார் மறைந்தது, தன் காலே அவருக்குத் தெரியவில்லை. கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பியை அழுத்திப் பிடித்திருந்தால்தான் அந்த மிஷின் ஓடும், விட்டால் தானாக நின்றுவிடும். பிடித்துப் பிடித்து விரல் வலிக்கிறதென்று அவர் அந்தக் கம்பியைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். இப்போது புகைக்குள் முடிச்சு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கண் எரிந்தது. இருமல் நெஞ்சை அடைத்தது.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி பங்கஜம் வாசலுக்கு ஓடி வந்து, எதிரே வெறும் புகையைக் கண்டு, "ஏங்க! ஏங்க! எங்க நிக்குதீய? ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று அலறினாள்.

தட்டுத்தடுமாறி அண்ணாச்சி ஒரு வழியாகச் சணலை இழுத்து அறுத்தார். மிஷின் நின்றது. புகை மட்டும் போவதாகத் தெரியவில்லை. மழை ஈரத்தில் அது மேலே எழும்பாமல் மதிலுக்குள்ளேயே கிடந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மதில் பக்கம் ஏதோ சரிந்து விழுந்தது போலச் சத்தம் கேட்டது. பூனையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் தெருமுனையில் மணியும் சைரனும் கேட்டன. தீயணைப்பு வண்டி அவர் வீட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவே வீட்டில் இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். இஸ்திரிக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்தார். மாடிகளில் போன்கள் உயர்ந்தன. பங்கஜம் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் கேட்டைத் திறந்துவிட்டாள். இரண்டு வீரர்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"எங்க சார் தீ? உள்ளாற ஆள் யார்னா கீறாங்களா?"

"தீ இல்ல," என்றார் அண்ணாச்சி.

"இன்னா சார் இல்லன்னு சொல்ற? இம்மாம் புகை வருது!"

"மிஷின். புல்லு வெட்டுற மிஷின்."

வீரர் மிஷினைப் பார்த்தார். புல்தரையைப் பார்த்தார். இரண்டு பாய் விரித்தால் மூடிவிடுகிற அளவுதான் இருந்தது அது. அவர் சிரிக்கவில்லை. பின்னால் வெளியே யாரோ சிரித்துவிட்டார்கள். அது தொற்றிக்கொண்டு கேட் முழுக்கச் சிரிப்பாகப் பரவியது. "புல்லுக்குக் கொசு மருந்து அடிக்கிறாரு போல," என்று ஒரு குரல் சொன்னது.

அண்ணாச்சிக்குக் காது சுட்டது. கடையில் நாற்பது வருஷம் அவரைப் பார்த்து ஒருத்தன்கூடச் சிரித்ததில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஃப்ளோரா டீச்சர் போனைக் கையில் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தார். காலையில் சர்ச் பூசைக்குக் கட்டிக்கொண்டு போன வெள்ளைச் சேலை இன்னும் மாற்றாமல் இருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக என்னவோ பட்டிருந்தது. அது அவர் கண்ணில் பட்டது, மனசில் ஏறவில்லை.

"போன் பண்ணினது நீங்கதானே டீச்சர்?"

"ஆமா அண்ணாச்சி."

"ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருந்தீங்களா? இப்படி என்னையத் தெருவுல நிறுத்திச் சிரிக்க வைக்கணும்னு? உங்க வீட்டுக்காரர வீடியோ எடுத்தேன்ல, அதுக்குப் பழி வாங்கியாச்சு. திருப்திதானே?"

சிரிப்பு நின்றது. டீச்சர் அவரையே பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அண்ணாச்சிக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீச்சர் கோபப்படவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பங்கஜம் அலறினாங்க அண்ணாச்சி. நீங்க தீயில மாட்டிக்கிட்டீங்கன்னு நெனச்சேன். கேட் பூட்டியிருந்துச்சு. அவர் மதில் ஏறிட்டார்." டீச்சர் சேலை ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "உங்க மதில்ல கண்ணாடி இருக்கறத மறந்துட்டார். கை கிழிஞ்சு எங்க பக்கம் மதிலடியில உக்காந்திருக்கார். நான் போறேன்."

எல்லோரும் மதிலைத் திரும்பிப் பார்த்தார்கள். திருடனுக்குப் பயந்து அண்ணாச்சி மதில் உச்சியில் பதித்து வைத்திருந்த பாட்டில் துண்டுகளில் ரத்தம் இருந்தது. ரத்தம் சுண்ணாம்பில் இழுபட்டுக் கீழே வரைக்கும் இறங்கியிருந்தது.

தீயணைப்பு வீரர்கள்தான் முதலில் ஓடினார்கள். துணியைக் கிழித்துக் கட்டினார்கள். யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். பவுல்சாமி கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் ஆட்டோவில் ஏறினார். வண்டி போன பிறகுதான் அண்ணாச்சிக்குத் தன் கார் அங்கேயே நிற்பது ஞாபகம் வந்தது. சாவி சட்டைப் பையில் இருந்தது. தான் இவ்வளவு நேரமும் நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. சோற்றை வைத்துவிட்டுப் பங்கஜம் அவரிடம் பேசாமல் போனாள். அவர் சாப்பிடவில்லை. மிஷினைப் போர்ட்டிகோவுக்கு இழுத்து வந்து ஒரு சாக்கின் மேல் நிறுத்தினார்.

"மட்டமான சாமான். ஏமாத்திட்டான். ஏட்டி பூஜா, இங்க வா. என்ன கேடுன்னு அந்தப் போன்ல பாரு."

பூஜா வந்து பக்கத்தில் குந்தினாள். அவளுக்கும் அப்பா மேல் கோபம்தான். ஆனாலும் போனைத் திறந்து தேடினாள்.

"கிளப்பும்போது வெள்ளையா புகை வந்து, எண்ணெய் கருகின வாடை அடிச்சா, எரியக் கூடாத இடத்துல ஆயில் எரியுதுன்னு அர்த்தமாம்பா. மொதல்ல ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். குச்சிய எடுங்க."

அவர் மூடியைத் திருகிக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். எண்ணெய் கோட்டைத் தாண்டி வெகு மேலே நின்றது.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"கொஞ்சம்தான்."

பூஜா காலி டப்பாவைப் பார்த்தாள்.  ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றச் சொன்னாள். காய்ந்து வெள்ளையாக இருக்க வேண்டிய காகிதம், பஜ்ஜி எடுத்துப் போட்ட தாள் போல எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது.

"நேத்து கழுவும்போது எந்தப் பக்கம் சாய்ச்சீங்க?"

அவர் கையால் காட்டினார்.

"இந்த ஃபில்டர் இருக்கற பக்கத்தைக் கீழ வெச்சிருக்கீங்க. மேல இருக்கணும். கீழ வெச்சா ஆயில் இதுக்குள்ளயும் இன்ஜினுக்குள்ளயும் எறங்கிடும். அது வழிஞ்சதைப் பார்த்துட்டுக் காலைல இன்னும் ஊத்தியிருக்கீங்க."

சாய்த்ததும் அவர்தான், ஊற்றியதும் அவர்தான். கம்பியைக் கட்டினதும் அவரேதான். கடைக்காரனையோ கம்பெனிக்காரனையோ இதில் இழுக்க ஒரு வழியும் இல்லை. அண்ணாச்சி வேலையைத் தொடர்ந்தார். மிகுதியான எண்ணெயை வடித்தார். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தார். துளை வழியாக எண்ணெய் துப்பித் துப்பி வெளியே வந்து அவர் வேட்டியில் தெறித்தது. துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார். வேலை முடிந்துவிட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அது முடியாமல் நீண்டது.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லப்பா," என்று சொல்லிவிட்டுப் பூஜா எழுந்து போனாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் பங்கஜம் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அத ஆஞ்சது போதும். ஆட்டோ திரும்பி வந்து எவ்வளவு நேரமாச்சு. அங்க போயிட்டு வாங்க."

"என்ன மொகத்த வெச்சுக்கிட்டுப் போக?"

"இருக்கற மொகத்தோட போங்க. வேற மொகம் எங்க இருக்கு?"

அவர் குளித்து, சட்டை மாற்றி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். பையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியில் நின்றபோது பெண் பார்க்க வந்தவன் போலத் தெரிகிறோமே என்று கூசியது. டீச்சர் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, பையை வாங்கி மேசையில் வைத்தார். உட்காருங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான். பவுல்சாமி சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை மணிக்கட்டு வரைக்கும் கட்டுக்குள் இருந்தது.

"தையல் போட்டிருக்காங்க," என்றார். "விரல் அசையுது. பெரிசா ஒண்ணும் இல்ல."

"சார், காலைல டீச்சர்கிட்ட நான் பேசின பேச்சு…"

"அத அவகிட்டதான் சொல்லணும்."

டீச்சர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அண்ணாச்சி எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தத் தெரியும், கடன்காரனை மிரட்டத் தெரியும், இதற்கு மட்டும் அந்தப் பெரிய குரலில் வார்த்தை இல்லை.

"தப்பு டீச்சர்," என்றார். "ரொம்பத் தப்பு."

டீச்சர் தலையை அசைத்தார். சரி என்று அர்த்தமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா, அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

"உங்க வீட்டுப் புகையையும் ஒரு பையன் வீடியோ எடுத்து குரூப்ல போட்டிருந்தான்," என்றார் பவுல்சாமி. "பாத்தீங்களா?"

"இல்ல சார்." உண்மையில் அவர் காலையிலிருந்து போனைத் தொடவே இல்லை.

"இப்ப இருக்காது. அழிக்கச் சொல்லி நான் அவனுக்குப் போன் பண்ணேன். அழிச்சிட்டான்."

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. "சார், எனக்காக நீங்க…"

"உங்களுக்காக இல்ல." பவுல்சாமி கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அதுல பங்கஜம் அம்மா நைட்டியோட அழுதுக்கிட்டு ஓடறாங்க. அதுக்காக. உங்களுக்காக அழிக்கச் சொல்லணும்னு எனக்குத் தோணல. பொய் சொல்லக் கூடாது பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "என் வீடியோவ என்கிட்டப் படிச்சவன் ஒருத்தன் பாத்துட்டு எனக்கே அனுப்பினான். 'சார், இது நீங்களா?'ன்னு கேட்டிருந்தான். அதுக்கு என்ன பதில் போடறதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அதற்குப் பிறகு அங்கே உட்கார முடியவில்லை. டீச்சர் காப்பி கொண்டுவந்தார். சூடாக இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்து வந்தார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி போனை எடுத்து, தெருக் குழுவைத் திறந்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினார். பூஜா எட்டிப் பார்த்துப் பிழை திருத்த வந்தாள். வேண்டாம் என்று தள்ளிவிட்டார். 'நேற்று எங்கள் வீட்டில் புகை வந்தது என் தவறு. பவுல்சாமி சார் எங்களைக் காப்பாற்ற மதில் ஏறி கை கிழிந்தார். டீச்சரை நான் எல்லார் முன்னும் தவறாகப் பேசினேன். போன வருடம் சாரை வீடியோ எடுத்துப் போட்டதும் தவறு. அவரிடமே சொல்லி இருக்க வேண்டும். மன்னிக்கவும். வெள்ளைத்துரை.' அனுப்பினார். சிலர் கும்பிடுகிற படம் போட்டார்கள். ஒருவர் சிரிக்கிற முகம் போட்டார். யாரோ அதற்குக் கீழேயே தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். பவுல்சாமி பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் எதுவும் வரவில்லை.

கட்டு மாற்ற வேண்டிய நாளில் விடியலிலிருந்தே மழை கொட்டியது. அழைப்பு மணி அடித்தது. குடையோடு டீச்சர் நின்றிருந்தார்.

"ஆட்டோ ஒண்ணும் வரமாட்டேங்குது அண்ணாச்சி. கார் எடுக்க முடியுமா?"

முகத்தில் சிரிப்பு இல்லை. உதவி கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்தது. அண்ணாச்சி செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு ஓடிப்போய்க் காரைத் திறந்தார்.

மந்தைவெளியில் இருக்கிற சின்ன கிளினிக் அது. இரண்டு பேரும் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். வழி முழுக்க வைப்பர்தான் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. கிளினிக்கில் கூட்டம் நிறைய. மழைக்கு ஒதுங்கினவர்களும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். திரை போடாத ஒரு மூலையில் வைத்துத்தான் நர்ஸ் கட்டைப் பிரித்தார். அண்ணாச்சி வெளியே போய் நிற்கலாமா என்று யோசித்தார். போகவில்லை. கடைசிச் சுற்றுத் துணி உரிந்தபோது உள்ளங்கையின் குறுக்கே தையல் கறுப்பாகத் தெரிந்தது. வீங்கி, ஓரமெல்லாம் மஞ்சளாக இருந்தது. முகத்தைத் திருப்பாமல் பார்த்தார்.

"எப்படி ஆச்சு சார் இது?" என்றார் நர்ஸ்.

"சுவர் ஏறினேன்மா."

"இந்த வயசுலயா? சும்மா இருக்க மாட்டீங்களா? சுவர் ஏறி எங்க போறீங்க?"

பெஞ்சில் ஓரிருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பவுல்சாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் பதில் சொல்லப் போவதில்லை என்பது அண்ணாச்சிக்குப் புரிந்தது.

"எங்க வீடு எரியுதுன்னு நெனச்சு ஏறினாங்க சிஸ்டர்," என்றார். கடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது, அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது. அதனால் இன்னொரு முறை, பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்களக் காப்பாத்த வந்தாங்க. மதில்ல கண்ணாடி பதிச்சு வெச்சது நான்தான்."

நர்ஸ் ஒரு நிமிடம் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மருந்தை நனைத்த பஞ்சை எடுத்தார். "கொஞ்சம் எரியும் சார். யாராவது கையப் புடிச்சுக்கோங்க."

டீச்சர் பில் போடுகிற இடத்தில் நின்றிருந்தார். அண்ணாச்சி பவுல்சாமியைப் பார்த்தார். பவுல்சாமி கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்கையை அவர் பக்கம் நகர்த்தினார். அண்ணாச்சி குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.